மந்திரி இரண்டு கிலோ இளைத்த வரலாறு

மனிதன் நாயைப் பழக்கி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்த நாயின் நலனுக்கு ஒரு துணைக்குழு அமைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்ற இவ்வளவு காலம் பிடித்ததுதான் நாகரிகத்தின் மாபெரும் களங்கம். அந்தக் களங்கத்தைத் துடைத்த பெருமை நூற்றியிருபது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேரும். நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. காரணம், அவன் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. குடியிருப்பு அந்தத் தவறைச் செய்யவில்லை. வரவேற்புரை, வருகைப் பதிவு, நன்றியுரை எல்லாம் கோப்பில் இருக்கின்றன. நாய் மட்டும்தான் கோப்பில் அடங்கவில்லை. அவ்வளவு குண்டு.

நாயின் பெயர் மந்திரி. குட்டைக் கால், தொங்கு காது, நடுவில் ஒரு தலையணை. எழுந்து நிற்பதற்கு முன் நெடுநேரம் யோசிக்கும். யோசித்து முடித்ததும் படுத்துக்கொள்ளும். அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று கேள்வி. அதன் உரிமையாளர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். ரயில் நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் பச்சைக் கொடி காட்டி ஓய்வு பெற்றவர். அவர் காட்டினார், ரயில்கள் ஓடின. தான் காட்டியதால்தான் ஓடின என்ற நம்பிக்கை ஓய்வுக்குப் பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

குடியிருப்புக்கு எதிரே, தையல் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் கால்நடை மருத்துவரின் கிளினிக் இருந்தது. டாக்டரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. வார்த்தையில் சர்க்கரை போடாதவர். ஆனால் இருபது வருஷத் தொழிலுக்குப் பிறகும் அவரிடம் ஒரு மூட நம்பிக்கை மிச்சமிருந்தது: ஜனங்கள் தெரியாமல்தான் தப்புச் செய்கிறார்கள், எடுத்துச் சொன்னால் திருந்திவிடுவார்கள். அதனால் காத்திருப்போர் அறைச் சுவரில் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். நாய்க்குச் சாக்லேட் விஷம். திராட்சை கூடாது, வெங்காயம் கூடாது. பூனைக்குப் பாராசிட்டமால் மாத்திரை எமன். வருகிறவர்கள் அதை ஆர்வத்தோடு போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டு, அதன் கீழேயே நின்று, "சாக்லேட் கொஞ்சமா குடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்பார்கள்.

ஒரு நாள் தலைவரும் அவர் மனைவியும் மந்திரியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா விலாப்பக்கம் கை வைத்தார். எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. எடைமேடை இருபது கிலோ என்றது.

"கட்டியை எடுத்துடலாம்," என்றார் டாக்டரம்மா. "ஆனா இந்த உடம்புக்கு மயக்க ஊசி போட்டா திரும்ப எந்திரிக்கும்னு என்னால சொல்ல முடியாது. இப்பவே மூச்சு இழுக்குது. ரெண்டு கிலோ குறைச்சுக் கொண்டாங்க. பன்னெண்டு வாரம் பாக்கலாம். அதுக்கு மேல கட்டி நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

"சின்னவனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்றாள் தலைவரம்மா. அந்த வீட்டில் மந்திரிதான் சின்னவன். பெரியவன் ஒருவன் உண்டு. முப்பத்திரண்டு வயது, கல்யாணமானவன். அவன் எடையை யாரும் கேட்டதில்லை.

தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "இதுக்கு என்ன மருந்து?"

"சாப்பாட்டைக் குறைங்க. நடக்க விடுங்க."

தலைவர் காத்திருந்தார். டாக்டரம்மா ஓர் அளவு கப்பை எடுத்து நீட்டினார். காலையில் இதில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கிண்ணத்தில் இதற்கு மேல் ஒரு பருக்கை விழக் கூடாது என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தலைவருக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு பெரிய நாய்க்கு இத்தனூண்டு வைத்தியமா? ஊர் சிரிக்காதா? அன்று மாலையே செயலாளரைக் கூப்பிட்டார். செயலாளர் ஒரு பெரிய அலுவலகத்தில் வேலை செய்தார். என்ன வேலை என்பது அவர் மனைவிக்கே சரியாகத் தெரியாது. ஆனால் எதைச் சொன்னாலும் அதை அம்புக்குறி போட்ட படமாக மாற்றித் திரையில் காட்டுவார். இருவரும் கூடிப் பேசி, இது ஒரு நாயின் பிரச்சினை அல்ல, சமூகத்தின் பிரச்சினை என்ற முடிவுக்கு வந்தார்கள். சமூகத்தின் பிரச்சினை என்றால் ஒரு வசதி உண்டு. வீட்டில் யாரும் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

இப்படியாக, செல்லப்பிராணி உடல்நல விழிப்புணர்வு மாநாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுக்கூடத்தில் கூடியது. பேனரில் தலைவர் படம் ஆளுயரத்தில் இருந்தது. மந்திரி படம் தபால்தலை அளவில் இருந்தது. மந்திரியையே மேடையில் நடு நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் டாக்டரம்மா.

டாக்டரம்மா நாற்பது நிமிஷம் பேசினார். தடுப்பூசி, குடற்புழு, பல் சொத்தை, உண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எடைக்கு வந்தார். நாய் குண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம், விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான் என்றார். கூட்டத்தில் எண்பது பேரும் அனிச்சையாகத் தங்கள் விலாவைத் தடவிப் பார்த்தார்கள். யார் விரலிலும் எதுவும் தட்டுப்படவில்லை.

பிறகு கேள்வி நேரம். முதலில் ஓர் இளைஞர் எழுந்தார். தன் நாய்க்கு மன அழுத்தம் இருப்பதாகப் போனில் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். அறிகுறி என்ன என்று டாக்டரம்மா கேட்டார். தான் ஆபீஸ் போகும்போது அது தன்னையே பார்க்கிறது என்றார். திரும்பி வரும்போது? அப்போதும் பார்க்கிறது. டாக்டரம்மா, நாய்க்குக் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி உட்காரச் சொன்னார்.

அடுத்து நாலாவது மாடிப் பூனைக்காரம்மா. அவருடையது கேள்வி அல்ல, அனுபவப் பகிர்வு. அவர் பூனை மூன்று மாதமாகச் சைவம்.

"நாங்க யாரும் தொடுறதில்ல, டாக்டர். அதைப் பாத்து அதுவும் விட்டுடுச்சு. காய் வேக வச்சு, தயிர் சாதத்துல பிசைஞ்சு வைக்கிறேன்."

"திங்குதா?"

"முகர்ந்து பாத்து திருப்தி ஆயிடும். ஆனா உடம்பு பாருங்க, தளதளன்னு இருக்கு. சைவத்தோட மகிமை."

"பூனைக்குக் கறியோ மீனோ இல்லாம முடியாதும்மா. கண்ணு போயிடும், இதயம் போயிடும். தளதளன்னு இருந்தா, எங்கயோ போய்ச் சாப்பிடுதுன்னு அர்த்தம். வீட்ட விட்டு வெளிய போகுதா?"

"பக்கத்து வீட்டு பால்கனிக்குப் போகும். அங்க ஒரு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கும். தியானம்."

மூன்றாவது வரிசையில், வீட்டு பால்கனியில் மீன் தொட்டி வைத்திருக்கும் ஒருவர், மெதுவாகத் திரும்பிப் பூனைக்காரம்மாவைப் பார்த்தார்.

முடிவில் 'மந்திரி உடல் எடைக் குறைப்பு ஒருங்கிணைப்புத் துணைக்குழு' பலத்த கைதட்டலுக்கிடையே அமைந்தது. தீர்மானங்கள் நிறைவேறின. கிண்ணத்தில் வேளைக்கு ஒரு கப்புக்கு மேல் போடக் கூடாது. மந்திரியின் கழுத்துப் பட்டையில் அடி எண்ணும் கருவி பொருத்த வேண்டும். தினமும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கிளினிக்கில் எடை பார்த்து, சராசரி எடுத்து, லிப்டில் ஒட்ட வேண்டும். டாக்டரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இருபது வருஷத்தில் இப்படி ஒரு கூட்டம் தன் பேச்சைக் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டே தேநீர் குடித்தார். குடித்த இடத்திலிருந்து மேடை தெரியவில்லை. போர்முனைக்குப் புறப்படும் வீரனைப் பார்ப்பது போல எண்பது பேரும் வரிசையில் நின்று மந்திரியைப் பார்த்தார்கள். "பாவம், நாளையிலேர்ந்து பத்தியம்," என்று சொல்லி ஆளுக்கு ஒரு பிஸ்கட் வாயில் வைத்தார்கள். ஒன்றே ஒன்று. அதில் எல்லோரும் மிகக் கண்டிப்பாக இருந்தார்கள்.

நாலு வாரம் கழித்து எடைமேடை இருபது கிலோ தொள்ளாயிரம் கிராம் என்றது.

டாக்டரம்மா எடைமேடையைச் சந்தேகப்பட்டார். கம்பவுண்டரை ஏறச் சொன்னார். ஓய்வுக்கு ஐந்து வருஷம் இருக்கும் அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் ஏறி இறங்கினார். பிறகு டாக்டரம்மா ஏறினார். எடைமேடை நேர்மையாகத்தான் இருந்தது. இருவருக்கும் அதில் வருத்தம்.

கட்டியைத் தொட்டுப் பார்த்தார். அது பத்தியம் எதுவும் இருக்கவில்லை. எலுமிச்சையைத் தாண்டி வளர்ந்திருந்தது. இன்னும் எட்டு வாரம். தலைவர் குடும்பம் முழுவதையும் வரவழைத்து எதிரே உட்காரவைத்தார்.

"கிண்ணத்துல ஒரு கப்தான் போடுறீங்களா?"

"சத்தியமா ஒரு கப். துணைக்குழு உறுப்பினர் ஒருத்தர் தினமும் பக்கத்துல நின்னு பாக்கறார்," என்றார் தலைவர்.

"கிண்ணத்துக்கு வெளிய?"

தலைவர் கோப்பைப் புரட்டினார். "கிண்ணத்துக்கு வெளிய பத்தி தீர்மானத்துல எதுவும் இல்லையே."

அதன் பிறகு ஒவ்வொருவராக வாக்குமூலம் கொடுத்தார்கள். மருமகள் காலையில் காபி குடிக்கும்போது இரண்டு பிஸ்கட் கொடுப்பாள். ஆனால் அது கையில். தலைவரம்மா தினம் இரண்டு முட்டை வேகவைத்து மஞ்சள்கரு மட்டும் ஊட்டுவாள். வெள்ளைக்கருவை வீணாக்காமல் தானே சாப்பிட்டுவிடுவாள். தலைவர் எதுவுமே கொடுப்பதில்லை. பால் குடித்த டம்ளரைக் கழுவ வசதியாக அதனிடம் நீட்டுவார், அவ்வளவுதான். டம்ளரில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று டாக்டரம்மா கேட்டார். அரை டம்ளர் என்று மருமகள் சொன்னாள். "உன்னை யாரும்மா கேட்டா?" என்றார் தலைவர்.

பெரியவன், தான் ஒன்றும் தருவதில்லை, கீழே விழுவதை அது எடுத்துக்கொள்ளும் என்றான்.

"எவ்வளவு விழும்?"

"நான் கொஞ்சம் சிந்திச் சாப்பிடுற ஆளு, டாக்டர்."

டாக்டரம்மா அடி எண்ணும் கருவியின் பதிவை எடுத்து மேசையில் வைத்தார். நாள் தவறாமல் ஒன்பதாயிரம் அடி. ஒன்பதாயிரம் அடி நடக்கிற நாய் எப்படி ஊதும் என்று கேட்டார். பெரியவன் சுவரில் இருந்த திராட்சை எச்சரிக்கையை உற்றுப் படிக்க ஆரம்பித்தான். கடைசியில் வாயைத் திறந்தான். கேட் வரைக்கும்தான் மந்திரி வரும், அங்கே உட்கார்ந்துவிடும். வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, கருவியைக் கழற்றித் தன் காலில் கட்டிக்கொண்டு, இலக்கு தவறக் கூடாதே என்று இவன் ஒன்பதாயிரம் அடி நடந்துவிட்டு வருவான். அதுவரை வாட்ச்மேன் மந்திரியை உபசரிப்பார்.

"அதனால பலன் இல்லாம இல்ல," என்று தலைவர் குறுக்கிட்டுத் துணைக்குழுவின் இடைக்கால அறிக்கையை நீட்டினார். "இதுவரைக்கும் ஒரு கிலோ எண்ணூறு குறைஞ்சிருக்கு."

"யாருக்கு?"

"குடும்பத்துக்கு," என்றார் தலைவர். பெரியவன் அடக்கமாக வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். "மந்திரி சார்பில்."

அன்று டாக்டரம்மா பேசிய பேச்சைக் கேட்டுத் தையல் கடை மெஷின் நின்றுவிட்டது. அவர்களுக்குச் சூடு உறைத்ததா என்றால், உறைத்தது. போகும்போது தலைவர், இந்த உரையை அடுத்த மாநாட்டிலும் நிகழ்த்தித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கதவு சாத்தியதும் கம்பவுண்டர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், நம்ம பங்கையும் பாத்துடலாமா?"

"நம்ம பங்கு என்னண்ணே?"

"மந்திரி எடைமேடையில ஏற ஒரு பிஸ்கட் கேக்கும். இறங்க ஒண்ணு கேக்கும். பயப்படாம ஏறட்டும்னு நீங்க கொண்டாந்த முறை. முன்னாடி மாசத்துக்கு ஒரு தடவை வரும். இப்ப மூணு வேளை வருது. ஆறு பிஸ்கட்."

டாக்டரம்மா பிஸ்கட் டப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"வெயில்ல வருதேன்னு நான் ஒண்ணு குடுப்பேன். ஏழு."

"நாலு வாரமா இது நடக்குது. ஏண்ணே முன்னாடியே சொல்லல?"

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க, மேடம்."

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேருக்கு அறிவூட்டியவருக்கு அன்றுதான் அறிவு ஊட்டப்பட்டது. இருபத்தோராம் கிலோவை நெருங்கிக்கொண்டிருந்த அந்த நாயைக் கொல்லப் பார்ப்பது கட்டி அல்ல. தானும் சேர்ந்த ஒரு கும்பல். இதற்கு மேல் இன்னொரு முறை எடுத்துச் சொன்னால் நாய் செத்துவிடும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிஸ்கட் டப்பாவை எடுத்து அலமாரிக்கு மேலே, ஸ்டூல் போட்டால்தான் எட்டும் உயரத்தில் வைத்தார். பிறகு தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய்யைத் தயார் செய்தார்.

மறுநாள் தலைவர், செயலாளர், துணைக்குழு உறுப்பினர்கள் முன்னிலையில் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு அறிவித்தார். மந்திரிக்கு ஓர் அரிய தோல் நோய். தொட்டால் மனிதருக்கும் பரவும். எட்டு வாரம் கிளினிக்கின் பின்னறையில் தனியாக வைத்திருக்க வேண்டும்.

"பரவினா என்ன ஆகும்?" என்றார் செயலாளர்.

"முடி கொட்டும்."

தலைவரின் கை தானாக மேலே எழுந்தது. அவர் மீசை பிரசித்தமானது. அதற்கென்று தனிச் சீப்பு உண்டு. "தலையிலதானே டாக்டர்?"

"மீசையிலதான் ஆரம்பிக்கும்."

அடுத்து நடந்ததைக் குடியிருப்பின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டும். நூற்றியிருபது வீட்டு அன்பும் ஒரே லிப்டில் ஏறி மேலே போய்விட்டது. கால் மணி நேரத்தில் மந்திரியின் எடைப் பட்டியலைக் கிழித்துவிட்டு 'மந்திரியைத் தொடாதீர்' என்று ஒட்டினார்கள். மந்திரி உட்கார்ந்த நாற்காலியை மூன்று தடவை கழுவி, நாலாவது தடவை தூக்கி எறிந்தார்கள். மாலையில் அவசரக் கூட்டம். 'மந்திரி அவர்கள் பூரண நலம் பெறும்வரை அவரைத் தொலைவிலிருந்து நேசிப்பது' என்று ஒருமனதாகத் தீர்மானம். எதிர்த்து ஒரு குரல்கூட இல்லை. அத்தனை ஒற்றுமையை அந்தக் குடியிருப்பு தண்ணீர் வராத நாளில்கூடக் கண்டதில்லை.

மறுநாள் காலை கிளினிக்கைத் திறக்கும்போது தலைவரம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்தவள் நேராகப் பின்னறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, நாயின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, முடி கொட்டும்னு சொன்னேனே."

"கொட்டட்டும். இந்த முடியை வச்சுக்கிட்டு இனிமே நான் எங்க போய் நிக்கப் போறேன்."

அவள் இன்னொரு கையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. டாக்டரம்மா அதை வாங்கித் திறந்தார். இரண்டு மஞ்சள்கரு. மூடி வைத்துவிட்டு அவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வியாதி எதுவும் இல்லம்மா. பொய் சொன்னேன்."

தலைவரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "டாக்டரா இருந்துகிட்டு பொய் சொல்லலாமா?"

"உண்மையைச் சொல்லிப் பாத்தேன். தொள்ளாயிரம் கிராம் ஏறிடுச்சு."

தலைவரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, நாயின் காதைத் தடவிக்கொண்டே கேட்டாள். "மஞ்சக்கருவுமா?"

"அதுவும்தான்."

"இவன் பாக்கற பார்வைக்கு எதையாவது குடுக்காம எப்படி இருக்கறது? அதையும் சொல்லிடுங்க."

"உக்காந்திருந்தாதான் பாப்பான். நடங்க. நடக்கறப்ப ரோட்டைப் பாப்பான்."

இப்படி ஆரம்பித்தது மந்திரியின் நடைப்பயணம். அதற்குத் துணைக்குழு இல்லை, பேனர் இல்லை. கிளினிக்குக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத ஒரு சந்து. முதல் நாள் மின்கம்பம் வரைக்கும் போய், கம்பத்தோடு நெடுநேரம் ஆலோசனை நடத்திவிட்டுத் திரும்பினார்கள். ஒரு வாரத்தில் சந்தின் திருப்பம். இரண்டாவது வாரத்தில் திருப்பத்தைத் தாண்டி அச்சகம். தலைவரம்மாவுக்கும் மூச்சு வாங்கியது. நின்று நின்று போனார்கள். யார் யாருக்காக நின்றார்கள் என்பது இருவருக்கும் வெளியே தெரியாது. தினம் காலையில் எங்கே போகிறாய் என்று தலைவர் ஒரு நாள் கேட்டார். நடக்கப் போகிறேன் என்று அவள் உண்மையைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை, லிப்டில் கைகழுவும் திரவம் வைப்பது குறித்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

எடை வாரத்துக்கு ஒரு தடவைதான். முதல் வாரம் மந்திரி எடைமேடை முன்னால் வந்து உட்கார்ந்து, வழக்கமானதை எதிர்பார்த்தது. டாக்டரம்மாவின் கை தன்னால் டப்பா இருந்த இடத்துக்குப் போனது. கம்பவுண்டர் இருமினார். கை திரும்பி வந்தது. இருபது நிமிஷம் மந்திரி அசையவில்லை. பிறகு பெருமூச்சு விட்டு, கைம்மாறு எதுவும் பெறாமல், ஒரு காலைத் தூக்கி மேடையில் வைத்தது.

"மந்திரி ஒருத்தர் சும்மா ஏறுறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றார் கம்பவுண்டர்.

இருபது ஐந்நூறு. இருபது. பத்தொன்பது எழுநூறு. ஐந்தாவது வாரம் இறங்கவே இல்லை. விசாரித்ததில் தையல்காரர் ஜன்னல் வழியே ரொட்டி நீட்டியது தெரிந்தது. அவரிடம் மீசையைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது. எட்டாவது வாரம், பதினெட்டுக்கு ஐம்பது கிராம் குறைவு. டாக்டரம்மா விலாவைத் தடவினார். கட்டிக்குப் பக்கத்தில், இத்தனை நாள் காணாமல்போயிருந்த எலும்பு விரலில் தட்டுப்பட்டது.

அறுவை நடந்த அன்று தலைவரம்மா காத்திருப்போர் அறையில் சுவரில் இருந்ததையெல்லாம் படித்தாள். படித்து முடித்து மறுபடியும் மேலேயிருந்து ஆரம்பித்தாள். பாராசிட்டமால் வரைக்கும் மூன்றாவது தடவை வந்தபோது கம்பவுண்டர் கதவைத் திறந்தார்.

"எந்திரிச்சுட்டாரு. எந்திரிச்ச உடனே சுத்துமுத்தும் பாக்கறாரு. என்ன தேடறாருன்னு நான் சொல்ல வேணாம்."

அவள் எழுந்தாள். நேராக உள்ளே போனாள். கட்டியைச் சோதனைக்கு அனுப்பியதில் பரவும் வகை இல்லை என்று வந்தது.

மந்திரி குணமானான், இளைத்தான், தொற்று நீங்கினான் என்ற செய்தி குடியிருப்பை எட்டியதும், அங்கே தேங்கியிருந்த அன்பு மடை திறந்தது. வெற்றி விழா மாநாடு கூடியது. புதிய நாற்காலி, புதிய பேனர். தலைவரின் மீசை ஒரு முடிகூடச் சேதமில்லாமல் மேடையில் வீற்றிருந்தது. செயலாளர் திரையில் கோடு ஒன்றைக் காட்டினார். முதல் நாலு வாரம் கோடு ஏறியது. அது 'ஆயத்தக் கட்டம்'. அடுத்த எட்டு வாரம் இறங்கியது; அது 'களப்பணிக் கட்டம்'. அந்த எட்டு வாரமும் துணைக்குழுவில் ஒருவரும் மந்திரி இருந்த தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்ற சிறு தகவல் இடப் பற்றாக்குறையால் விடுபட்டிருந்தது.

தலைவர் பேசினார். இது தனி ஒருவரின் வெற்றி அல்ல என்றார். சொல்லிவிட்டு, தனி ஒருவர் என்று தான் யாரைக் குறிப்பிடுகிறார் என்பது தெரியட்டும் என்று சற்று நிறுத்தினார். பிறகு, குடியிருப்பையே நடுங்கவைத்த அந்த அரிய நோயைப் பற்றிச் சிறப்பு விருந்தினர் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா மைக்கைப் பிடித்தார். எடுத்துச் சொன்னால் திருந்துவார்கள் என்ற பழைய நம்பிக்கை கடைசியாக ஒரு முறை அவருக்குள் தலைதூக்கியது.

"அந்த நோய் நாய்கிட்டேர்ந்து மனுஷனுக்கு வராது," என்றார். "மனுஷன்கிட்டேர்ந்து நாய்க்குத்தான் போகும். கையால பரவும். 'ஒண்ணே ஒண்ணு'ன்னு சொல்லிக்கிட்டே பரவும். இங்க இருக்கிற எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருந்துச்சு, தினம் ஏழு பிஸ்கட் என் கிளினிக்லயே போயிருக்கு. எட்டு வாரம் உங்களை உள்ள விடல, என் கையை நான் கட்டிப்போட்டேன். அதுதான் வைத்தியம். உங்க பாசம் ரெண்டு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது கிராம் இருந்துச்சு. அதை எடுத்துட்டேன், நாய் பிழைச்சிடுச்சு."

கூடம் உறைந்தது. டாக்டரம்மா மூச்சு விட்டார்.

பிறகு கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"டாக்டர் ஒரு புது நோயையே கண்டுபிடிச்சிருக்காங்க," என்று தலைவர் மைக்கை வாங்கித் தழுதழுத்தார். "அதுவும் நம்ம குடியிருப்புல. இதுக்கு ஒரு விழிப்புணர்வு இயக்கம் வேணுமா வேணாமா?"

வேண்டும் என்று எண்பது குரல்கள். துணைக்குழுவின் பெயரைத் தீர்மானிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சின்னத்துக்கு அரை மணி. பூனைகளையும் அந்த நோய் தாக்குமா என்ற விவாதத்தில் பூனைக்காரம்மாவுக்கும் மீன்தொட்டிக்காரருக்கும் தனிப்பட்ட முறையில் சில வார்த்தைகள் பரிமாறப்பட்டு, அவை குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இயக்கத்தைத் தொடங்கிவைக்கும் புகைப்படத்துக்கு எல்லோரும் மேடையேறி நின்றார்கள். தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, பக்கத்தில் இருந்த நடு நாற்காலியை நோக்கி ஒரு பிஸ்கட்டை நீட்டினார்.

டாக்டரம்மா அந்தப் படத்தில் இல்லை. அவர் ஜன்னல் ஓரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சகத்தையும் தாண்டி, பெரிய சாலை திரும்புகிற இடத்தில், தலைவரம்மாவும் மந்திரியும் யார் முந்துவது என்ற போட்டியில் போய்க்கொண்டிருந்தார்கள்.

புகைப்படம் மிக நன்றாக வந்திருக்கிறது. இப்போது லிப்டில் மாட்டியிருக்கிறார்கள். எல்லோரும் வாய் நிறையச் சிரிக்கிறார்கள், நீட்டிய பிஸ்கட் துல்லியமாகத் தெரிகிறது, நாற்காலி காலி. வரவேற்புரை முடிந்த கையோடு மந்திரி எழுந்து போய்விட்டிருந்ததை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாயைக் கவனிப்பது பற்றிய விழிப்புணர்வை இன்னும் யாரும் ஏற்படுத்தவில்லை.